எலிகளுக்கு வல்லாரை கொடுத்த வருடம்

எம்.ஃபார்ம் கடைசி வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆய்வு, வல்லாரை மறதியைக் குறைக்குமா என்று எலிகளிடம் சோதிப்பது. ஐந்தருவிக்குப் போகும் வழியில் வாய்க்கால் ஓரம் பறித்த இலையைக் காயவைத்துப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சத்தை எடுத்தோம். எலிகளுக்கு மறதியை உண்டாக்க ஒரு ஊசி. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் வல்லாரை. பிறகு ஒவ்வொன்றாக வட்டமான தண்ணீர்த் தொட்டியில் விடுவோம். பால்மாவு கலந்த தண்ணீருக்கு அடியில் ஒரு சின்ன மேடை மறைந்திருக்கும். ஏற்கெனவே பழக்கிய இடம்தான். ஞாபகம் இருக்கிற எலி நேராகப் போய் ஏறிக்கொள்ளும். மறந்தது சுற்றிச் சுற்றி நீந்தும்.

அப்பாவுக்கும் அந்த வருடம்தான் மறதி முற்றியது. போலீஸில் ஏட்டாக இருந்தவர். தென்காசியில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஒருநாள் பால் வாங்கப் போனவரை யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். அதன்பின் அவரைத் தனியாக விடுவதில்லை.

கடையத்தில் சொந்தக்காரர் இறந்து, அம்மா துட்டிக்குப் போன அன்று அப்பாவைக் கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். ஆய்வக வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, ஊசி போட்ட எலி ஒன்றைத் தொட்டியில் விட்டேன். நிமிர்ந்தால் அப்பா பக்கத்தில் நிற்கிறார்.

"ஏட்டி, அதுக்கு மூச்சு முட்டுது. தூக்கி விடு."

"அது தானா ஏறணும்ப்பா. உள்ள படி இருக்கு."

"படி எங்கன இருக்குன்னு தெரிஞ்சா ஏறாதா? தெரியாமத்தான சுத்துது!"

நான் தடுப்பதற்குள் சட்டையோடு கையை விட்டு எலியைப் பிடித்துவிட்டார். அது கடித்தது. விடவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டையில் பால்நிறத் தண்ணீரும் ரத்தமும் வழிந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த எங்கள் ஆய்வு வழிகாட்டி மேடம் அவர் கையைக் கழுவி மருந்து போட்டார்கள். என்னிடம், "அந்த எலிய ரிசல்ட்ல சேக்காத" என்றார்கள்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அப்பா தன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்.

"இது என்னட்டி?"

"எலி கடிச்சிட்டுப்பா."

"வீட்ல எலியா? பொறி வைக்கணும்லா."



ஆய்வு முடிந்ததும் எல்லா எலிகளையும் மயக்கிக் கொன்று மூளையை எடுக்க வேண்டும். அதுதான் முறை. ரிசல்ட்டில் சேராத அந்த எலியையும் விட்டுவைக்க முடியாது. அதை நானே செய்தேன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை.

வல்லாரை கொடுத்த எலிகள் மேடையைச் சீக்கிரம் கண்டுபிடித்திருந்தன. மேடத்துக்குச் சந்தோஷம். வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எலிக்குக் கேக்குதுன்னா இவுகளுக்கும் கேக்கும்லா?"

"எலிக்கு நாங்க ஊசி போட்டு வரவச்ச மறதிம்மா. அப்பாவுக்கு மூளையே சுருங்கிட்டு வருது. ரெண்டும் ஒண்ணில்ல."

அம்மா கேட்கவில்லை. தினமும் வல்லாரைத் துவையல் அரைத்து அப்பாவுக்கு ஊட்டினாள். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். நான் பட்டம் வாங்கியபோது என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "யார் வீட்டுப் பிள்ளம்மா நீ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு விழுங்குவதும் மறந்துபோனது. வாயில் வைத்த சோறு அப்படியே இருக்கும். அம்மா தொண்டையைத் தடவித் தடவி, "முழுங்குங்க, முழுங்குங்க" என்பாள். ஒருநாள் புரையேறி, சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.