நாலாவதாக வந்த கல்

அந்தக் கல்லின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிராம். குசினித் தராசில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன். சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டின் பின்வளவில், கறிவேப்பிலைச் சாடிக்குக் கீழே இருந்து மனைவி எடுத்தது. முட்டை வடிவம், சாம்பல் நிறம், குறுக்கே ஐந்து வெள்ளைக் கோடுகள். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

மூன்று பேராகப் பயணம் புறப்படக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பெண் பார்க்கப் போனாலும் காணி பார்க்கப் போனாலும், மூன்று பேர்தான் என்றால் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கி நாலாக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் எண்ணிக்கை சரியாக இருந்தால் நல்லது என்று நினைப்பவன் நான்.

“இஞ்சையிருந்து நாங்கள் ரெண்டு பேர்தானே போறம். கல்லு என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“அங்கை போய் இறங்கினால் பிள்ளையோடை மூண்டு. பிறகு ஜப்பான்காரன்ரை வளவுக்கை போய்க் கல்லுப் பொறுக்கிறதே?”

அது 2005ஆம் ஆண்டு. மகள் சிட்னியில் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தாள். மாணவர் பரிமாற்றத்தில் ஓராண்டு ஜப்பானுக்குப் போயிருந்தாள். ஓகஸ்டில் அவளுக்குக் கோடை விடுமுறை. பதினான்கு நாள் சுற்றிக் காட்டுகிறேன், வாருங்கள் என்று அழைத்தாள்.

எனக்கு விமானத்துக்கும் பயம், நிலநடுக்கத்துக்கும் பயம். ஆனால் இவை இரண்டுக்கும் கீழே பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே பயம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். இரண்டு வயதும் நாலு மாதமும். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், கொழும்புக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்த பிறகு, ஒரு பாடசாலையில் அகதிகளாக இருந்தோம். அங்கே அவனுக்கு ஆறு நாள் காய்ச்சலும் வயிற்றோட்டமும். ஏழாம் நாள் அவன் இல்லை. குழந்தைகளை எரிப்பதில்லை. யாரோ ஒரு வான் வண்டியில் கொண்டுபோனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மூன்று ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் நிரப்பினேன். மகளுக்கு அப்போது எட்டு மாதம். பிள்ளைகள் எத்தனை, இறந்தவர்களையும் சேர்த்து எழுதவும் என்று ஒரு கேள்வி இருந்தது. மகனின் பிறப்புப் பத்திரம் வீட்டோடு எரிந்துவிட்டது. இறப்புப் பத்திரம் எடுக்கவே இல்லை. அவனை எழுதினால் இல்லாத இரண்டு பத்திரங்களைக் கேட்பார்கள், விண்ணப்பம் பிந்தும் என்று பயந்து, ‘1’ என்று எழுதினேன். மனைவி என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

சிட்னிக்கு வந்த முதல் ஆண்டில் நாற்பத்தொரு நாள் அவள் வாய் திறக்கவில்லை. சமைத்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், உடுப்பு மடித்தாள். கதைக்கவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் உப்பு முடிந்துவிட்டது என்று சொன்னாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் மகனைப் பற்றிய பேச்சு எழவேயில்லை. எழாமல் நான் பார்த்துக்கொண்டேன். மகளுக்கும் சொல்லவில்லை. அவன் பேச்சில் திரும்பி வந்தால் அந்த மௌனமும் கூடவே வந்துவிடும், இந்த முறை நாற்பத்தொன்றோடு நிற்காது என்று நினைத்தேன். என் பயம் அதுதான்.

அகதி முகாமில் தொற்றிய பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. எங்கே ஏறினாலும் இறங்கினாலும் தலைகளை எண்ணுவேன். டோக்கியோவில் முதல் நாள் ஒரு நிலையத்தில் இறங்கியதும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது எங்கேயிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தேன். மனைவி, மகள், நான். அவ்வளவுதான்.

“என்னப்பா, ஆள் குறையுதோ?” என்று மகள் சிரித்தாள்.

“கூடுது.”

“அது அம்மான்ரை கல்லு. அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம்.”

நானும் கல்லைத்தான் எண்ணியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் கல் கைப்பைக்குள் இருந்தது. நான் எண்ணியது கண்ணால்.

ஒன்பது நாளில் பதினேழு இரயில்கள் ஏறினோம். கியோத்தோவில் ஒரு கோயிலின் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினேன். மனைவி கடைசிப் படியில் நின்று, கீழே பார்த்தபடி, யாருக்காகவோ காத்திருப்பவள் போல இருந்தாள். வெயில் எங்கள் ஊர் வெயிலைவிடப் புழுக்கம். மரங்களில் சில்வண்டுகள் ஒரே குரலில் இரைந்தன. திடீரென்று எல்லாம் ஒன்றாக நிற்கும். நிற்கும்போது காதுக்குள் ஏதோ குறைந்துவிட்டது போல இருக்கும். என் எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு நிலையத்திலும் நாலில் போய் நின்றது.

பத்தாம் நாள் வடக்கே போனோம். இரண்டே பெட்டிகள் கொண்ட சின்ன இரயில். எதிரே இருந்த கிழவி எங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது பையைத் துழாவி இனிப்புகள் எடுத்தாள். மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. நாலாவதை, மனைவிக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இருக்கையில் வைத்துத் தலை குனிந்துவிட்டுப் போனாள்.

“தட்ஸ் வீயர்ட்,” என்றாள் மகள். “இஞ்சை நாலு எண்ட நம்பரே கூடாது, சாவு எண்ட சொல்லு மாதிரிக் கேக்குமாம். ஒருத்தரும் நாலா ஒண்டும் குடுக்க மாட்டினம். ஹொட்டேல்ல நாலாம் நம்பர் ரூமே இல்லைத்தானே, நீங்கள்தானே எண்ணிக் கண்டுபிடிச்சீங்கள்?”

மூன்றுக்குப் பயந்து நாங்கள் நாலாகி வந்திருந்தோம். இந்த ஊர்க்காரருக்கு நாலுக்குப் பயம். மனைவி அந்த இனிப்பை எடுத்துக் கல்லோடு சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்தாள். அன்று பின்னேரம் வரை அவள் பேசிய சொற்கள் ஏழு.

மற்ற இடங்களை எல்லாம் மகள்தான் ஒழுங்கு செய்திருந்தாள். வடக்கே நாங்கள் தங்கவிருந்த விடுதி மட்டும் என் பொறுப்பு. அவள் அனுப்பிய ஆங்கிலப் படிவத்தைச் சிட்னியில் நான் நிரப்பித் தொலைநகலில் அனுப்பினேன். நான் முப்பத்தைந்து ஆண்டு கட்டடப் படவரைஞனாக வேலை செய்தவன். படிவம் நிரப்பினால் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டேன்.

விடுதிக்காரப் பெண்மணி வாசலில் மண்டியிட்டு வரவேற்றாள். எங்களைப் பார்த்தாள், பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். மகள் இல்லை என்று தலையாட்டினாள்.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லை, ஏதோ மிஸ்டேக்.”

அறையில் பாய் விரிப்பு, தாழ்ந்த மேசை, ஒரு மூங்கில் கூடை. கூடையில் விருந்தினர் உடுத்தும் பருத்தி அங்கிகள், நீலமும் வெள்ளையுமாக, மடித்து வைக்கப்பட்டிருந்தன. மூன்று பெரிது. அவற்றின் மேல் ஒன்று சின்னது. அதன் மேல் சிவப்பு நிற நாடாப் பட்டி ஒன்று, சுருட்டியபடி.

“அப்பா, நீங்கள் ஃபோர்ம்ல என்ன எழுதினீங்கள்?”

“பெரியாக்கள் மூண்டு. வேறை என்ன?”

அவள் கீழே போய்ப் படிவத்தை வாங்கி வந்தாள். பெரியவர்கள் என்ற கட்டத்தில் 3. குழந்தைகள் என்ற கட்டத்தில் 1. தலையில் சின்ன வால், அடியில் கோடு. படவரைஞர்கள் எழுதும் ‘1’. அது என் கை. அதை எழுதிய நினைவு எனக்கு இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நான் மனைவியைப் பார்க்கப் பயந்தேன். அவள் அந்தச் சின்ன அங்கியை எடுத்து விரித்தாள். தோளைப் பிடித்து, தன் முன்னால், தரையிலிருந்து ஓர் உயரத்தில் தூக்கிப் பிடித்தாள். அந்த உயரம் எது என்று எனக்குத் தெரியும். அங்கியின் கீழ்ப்பகுதி பாயில் மடிந்து கிடந்தது.

“கொஞ்சம் பெரிசு,” என்றாள்.

“ஆருக்கு அம்மா?”

நான் குறுக்கிட்டேன். “ஒண்டுமில்லைப் பிள்ளை, அம்மாக்குக் களைப்பு. தேத்தண்ணி இருக்கோ எண்டு கேளும்.”

“நீங்கள் சும்மா இருங்கோ,” என்றாள் மனைவி. எங்கள் முப்பது ஆண்டு வாழ்க்கையில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. மகளிடம் திரும்பினாள். “உங்கடை அண்ணாக்கு, பிள்ளை. உங்களுக்கு ஒரு அண்ணா இருந்தவன்.”

பிறகு அவள் பேசினாள். அவன் புட்டுக்கு வாழைப்பழம் கேட்டு அழுவதை, முகாமில் கரும்பலகைக்குக் கீழே படுக்க வைத்திருந்ததை, வானின் பின்கதவு சரியாகச் சாத்தாமல் அடித்துக்கொண்டு போனதை. ஜன்னலுக்கு வெளியே சில்வண்டுகள் இரைந்து நின்று இரைந்தன. மகள் அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, “வை டிட்ன்ட் யூ டெல் மீ?” என்று மட்டும் கேட்டாள். என் கையில் அந்தத் தொலைநகல் தாள் இருந்தது.

காலையில் பார்த்தபோது சின்ன அங்கி மடித்தபடி கூடையில் இருந்தது. ஆனால் சிவப்புப் பட்டி அதன் மேல் இல்லை. அங்கியைச் சுற்றிக் கட்டப்பட்டு, முன்பக்கம் இரட்டைச் சுருக்குப் போட்டிருந்தது. மனைவி தான் கட்டவில்லை என்றாள். மகளும் இல்லை என்றாள். நான் கட்டவில்லை. கட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படிவத்தில் அந்த ‘1’ஐயும் நான் எழுதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று காலை மகள் எங்களை மலைக்கு மேலே ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். முதலில் போட்ட திட்டத்திலேயே அது இருந்தது. அங்கே ஒரு கோயில். நிலம் முழுவதும் வெள்ளைச் சாம்பல். பிளவுகளில் கந்தகப் புகை. புல் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை சின்னச் சின்னக் கல் அடுக்குகள். ஒன்றின்மேல் ஒன்றாக நாலு, ஐந்து, ஆறு. அடுக்குகளுக்கு இடையே காகிதக் காற்றாடிகள் குத்தியிருந்தன. காற்றே இல்லை. ஏரி கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. ஆனால் காற்றாடிகளில் சில சுற்றின. நான் பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

“செத்த குழந்தையளுக்காகத் தாய் தகப்பன் வந்து கல்லு அடுக்குவினமாம்,” என்றாள் மகள். “நான் இது தெரியாமல்தான் பிளான் பண்ணினனான். ஐ மீன், தெரியும், ஆனால் எங்களுக்கு எண்டு…” முடிக்கவில்லை.

மனைவி கைக்குட்டையை அவிழ்த்தாள். கல்லை என்னிடம் நீட்டினாள்.

“நீங்கள் வையுங்கோ.”

“நீர் கொண்டுவந்த கல்லு. நீரே வையும்.”

“இல்லை. நீங்கள்தானே விட்டனீங்கள்.”

பத்தொன்பது ஆண்டுகளில் அந்த ஆஸ்திரேலிய விண்ணப்பத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே சொல் அதுதான். நான் குந்தினேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. சூடான மண்ணில் அந்த ஐந்து கோட்டுக் கல்லை வைத்தேன். கையில் நூற்றுப் பன்னிரண்டு கிராமைவிடக் கனத்தது. மகள் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லைத் தேடி அதன் மேல் வைத்தாள். மனைவி இனிப்பை வைத்தாள்.

“இப்ப சொல்லுங்கோ,” என்றாள். “எங்களுக்கு எத்தினை பிள்ளையள்?”

வாய்க்குள் எண்ணிப் பார்த்தேன்.

“சத்தமாச் சொல்லுங்கோ. நீங்கள்தானே எல்லாம் எண்ணுறவர்.”

“ரெண்டு,” என்றேன்.

எங்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு காற்றாடி வேகமாகச் சுற்றிவிட்டு நின்றது. மூவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பேருந்தில் ஏறியதும் என் வாய் தானாக எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. அங்கேயே நின்றது. பத்து நாளாகக் கூடவே வந்த ஒன்றை இறக்கிவிட்டு வந்த மாதிரி, ஓடிப் போய்த் திருப்பி எடுத்து வரவேண்டும் போல இருந்தது. மனைவியிடம், “மூண்டு பேராப் போறமே, பரவாயில்லையோ?” என்று கேட்டேன்.

“வரயிக்கைதான் பயம், திரும்பிப் போகயிக்கை இல்லை,” என்றாள். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு ஓகஸ்டில் அரசாங்கத்திடமிருந்து குடிசன மதிப்பீட்டுப் படிவம் வந்தது. மகள் திரும்பி வந்துவிட்டாள். குசினி மேசையில் நான் நிரப்ப, மனைவி வழக்கம்போலக் கதிரைக்குப் பின்னால் நின்றாள். வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வியில் பேனாவை நிறுத்தினேன்.

“மூண்டு எண்டு எழுதட்டே?”

“எழுதுங்கோவன். இது ஃபோர்ம்தானே, பயணமில்லையே.”

எழுதினேன். சில பக்கம் தள்ளி, பெண்களுக்கு மட்டுமான ஒரு கேள்வி: இதுவரை எத்தனை குழந்தைகளைப் பெற்றிருக்கிறார். இந்த முறை நினைவோடு எழுதவேண்டும் என்று பேனாவை இறுக்கிப் பிடித்து, மெதுவாக, 2 என்று எழுதினேன். பிறகு படிவம் முழுவதையும் இரண்டு தடவை சரிபார்த்தேன், நான் அறியாமல் வேறு எங்காவது ஒரு ஒன்று விழுந்திருக்கிறதா என்று. இல்லை.

மனைவி என் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தாள். “வடிவா இருக்கு,” என்றாள். என்னுடைய எழுத்தைச் சொன்னாள்.