ஒன்றரை மணி நேரம்

இலங்கையில், பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சுந்தரலிங்கத்துக்கு விமானம் என்றால் தனிப் பெருமை. "திருச்சி என்னங்க தூரம்? ஒன்றரை மணி நேரம்!" என்பார். திருச்சியில் இருந்த தம்பியிடமும் அதையேதான் அளந்திருந்தார். பதுளைக்கும் விமானம் ஏறவேண்டிய கொழும்புக்கும் நடுவே ஒரு மலைநாடே கிடப்பதை மட்டும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை, அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன் அவர். "விமானத்தில் வருகிறேன்" என்று பதில் தந்தி அடித்துவிட்டு ரயிலேறினார். மலையைச் சுற்றிச் சுற்றி ரயில் ஊர்ந்தது. இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கொழும்பில் இறங்கும்போது இருட்டிவிட்டது, விமானம் மறுநாள்தான்.

திருச்சி வீட்டு வாசலில் தம்பி மொட்டைத் தலையோடு நின்றான்.

"பொழுது சாயிற வரைக்கும் பார்த்தோம்ண்ணே. ஒன்றரை மணி நேரத்துல வர்றவரு இன்னும் வரலைன்னா, வரமாட்டாருன்னு நெனச்சிட்டோம்."