லஸ்ஸில் ஒரு கரெண்ட் வக்கீல்

செருப்பைக் கழற்றும் முன்பே ரெனிட்டா மாடிப்படிக்குக் கீழே குனிந்துவிட்டாள். கோபாலபுரத்தில் ஒரு நிச்சயதார்த்த வீடு. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அம்மாள், கம்மல்தான் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தானும் குனிந்து தேடினார். "ஒண்ணுமில்லங்க, மீட்டர் பாக்கறேன்" என்றாள் ரெனிட்டா.

எங்கே போனாலும் அவளுக்கு முதலில் மீட்டர் பெட்டி, பிறகுதான் மனிதர்கள். கறுப்பு அங்கி மடித்து வைத்த பையில் ஒரு டெஸ்டரும் கிடக்கும். கரெண்ட் போனால் மற்றவர்கள் விசிறி தேடுவார்கள். இவள் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வாள். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும், என்னைக்காவது ஆகும்" என்பாள்.

சாந்தோமில் வளர்ந்தவள். இருபத்தேழு வயது. அப்பா வால்டர், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். அவள் வக்கீலானபோது, தனியாரும் மின்சாரம் தயாரிக்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்தக் கதவு டெல்லியில் இருந்தது. அமைச்சகம் அங்கே, ஒப்பந்தங்கள் அங்கே, அவற்றை எழுதும் வக்கீல்களும் அங்கே. இவளோ லஸ் முனையில், சிவில் வக்கீல் வேம்புவின் மாடி அறையில் ஒரு பாதியை வாடகைக்கு எடுத்து, மின்சாரச் சட்டம் மட்டுமே பார்ப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள். முதல் வருஷம் வந்தவர்களெல்லாம் வீட்டுக்காரர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்ட குடித்தனக்காரர்கள்தான்.

"கடல் இல்லாத ஊர்ல கப்பல் கம்பெனி வெச்ச மாதிரி இருக்கு நீ பண்றது" என்பார் வேம்பு, மூக்குப்பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே.

"கரெண்ட் இங்கயும்தானே சார் வருது?"

"வரது. போறதும்தான்."

போன ஜூலையில், ராயப்பேட்டை ஐஸ் ஃபேக்டரி முதலாளி கரீமுல்லா ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் போட்டார். ஃபேக்டரி கரெண்ட்டுக்காக முப்பந்தல் பக்கம் இரண்டு காற்றாலை வாங்கப் போகிறார். விற்பவர்களின் டெல்லி வக்கீல்கள் எழுதிய ஒப்பந்தம் அது. நூற்றுப் பத்துப் பக்கம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. "சும்மா ஒரு பார்வை பாரு வக்கீலம்மா. எல்லாம் சரியா கீதுன்னா, மேக்கொண்டு வேலையை டெல்லிலயே குடுத்துடறேன். அங்கதான் இதுக்குன்னே ஆளு கீறாங்களாம்."

அதே வாரம் டெல்லியின் வேறொரு பெரிய வக்கீல் அலுவலகம் அவளை வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் எழுதியிருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். கரீமுல்லாவின் வேலை நிலைக்காவிட்டால் ரயில் ஏறிவிடுவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

மூன்று முறை படித்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவ்வளவு அழகாக எழுதியிருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் நாலாவது முறை படித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. வேம்புவின் கட்சிக்காரர்களுடைய காகிதங்கள் அறையெங்கும் பறந்தன. "ஆடி பொறந்தாலே இந்த ரூம்ல ஒரு பேப்பர் தங்காது. அந்தக் கதவுக்கு ஏதாவது முட்டுக் குடேன்" என்றார் வேம்பு, தரையில் தவழ்ந்து காகிதம் பொறுக்கியபடி. ரெனிட்டா எழுந்திருக்கவில்லை. திறந்திருந்த பக்கத்தின்மேல் டெஸ்டரை வைத்து அழுத்திக்கொண்டு ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் மூன்று வாரம், பராமரிப்புக்காக இயந்திரங்கள் நிறுத்தி வைக்கப்படும்.

மறுநாள் கரீமுல்லா பேனாவோடு வந்தார். ரெனிட்டா அந்த வரியைத் தமிழில் சொன்னாள்.

"ஆடி மாசம் நிறுத்தி வெக்கறதுக்கு நான் இன்னாத்துக்கும்மா காத்தாடி வாங்கறேன்?"

"மிஷின் டென்மார்க்ல செஞ்சது பாய். அந்த ஊர் அக்ரிமென்ட்டை அப்படியே எடுத்து எழுதிட்டாங்க. அங்க ஜூலைல காத்து படுத்துடும். நமக்கு அப்பதான் எழும்பும்."

"டெல்லில ஆறு பேரு படிச்சாங்கன்னாங்களே."

"ஏசி ரூம்ல ஜன்னலைச் சாத்திண்டு படிச்சிருப்பா" என்றார் வேம்பு, நிமிராமலே.

கரீமுல்லா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு காகிதக் கட்டை அவள் பக்கமாகத் தள்ளினார். "மீதிப் பக்கத்துல இன்னும் இன்னா இன்னா கீதுன்னு பாரு. டெல்லிக்காரங்ககிட்ட இனிமே நீயே பேசு. அடுத்த வாரம் முப்பந்தல் போவணும், வர்றியா?"

"மீட்டர் எங்க வெக்கப் போறாங்கன்னு பாக்கணுமே பாய். வரேன்."

அவர் படியிறங்கிப் போனதும் ஜன்னல் மறுபடியும் அடித்தது. ரெனிட்டா மேஜை இழுப்பறையைத் திறந்து, டெல்லியிலிருந்து வந்த கடிதத்தை உறையோடு எடுத்தாள். நாலாக மடித்தாள், போதவில்லை, எட்டாக மடித்தாள். ஜன்னல் கதவிடுக்கில் செருகி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.