காகம் வராத சனிக்கிழமை

ஸ்பெயினுக்குப் போய் நான் முதலில் சாப்பிட்டது அம்மா அவித்த புட்டு. புட்டுக்குழல், அரிசிமா, சம்பல் போத்தல் எல்லாம் ஒஸ்லோவிலிருந்து பெட்டிக்குள் வந்திருந்தன. வலென்சியாவில் வாடகைக்கு எடுத்த அறையின் சின்ன அடுப்பில் அம்மா குழலை வைத்தார். கீழே தெருவில் பிள்ளைகள் நீட்டுப் பணிஸ் ரொட்டியை ஏதோ வெள்ளைப் பானத்தில் தோய்த்துத் தின்றார்கள். நான் மேலேயிருந்து பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒக்டோபர் பள்ளி விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. ஒஸ்லோவில் அப்போதே கை விறைக்கும். வலென்சியாவில் இன்னும் வெயில்.

அப்பாவோடு சலவை வேலை செய்த ஸ்பானியக்காரர் ஒருவர் ஊர் திரும்பியிருந்தார். அவர்தான் எங்களை வரச்சொன்னார். கோடை முடிந்து நெல் வெட்டுகிற காலம், புது அரிசியில் பயேயா ஆக்கித் தருகிறேன் என்றார். அகலமான தட்டைத் தாச்சியில், விறகு நெருப்பில் ஆக்குகிற சோறு அது. முயலும் நத்தையும் போடுவார்களாம். நத்தை தின்னப்போகிறேன் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அப்பா சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அது புரட்டாதிச் சனி என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

அந்தச் சனிக்கிழமைகளில் அப்பா சனீஸ்வரனுக்கு விரதம். எள்ளெண்ணெய் எரிப்பார். வீட்டில் யாருக்கும் மச்ச மாமிசம் இல்லை. சமைத்ததில் முதல் பிடி காகத்துக்கு. காகம் தின்ற பிறகுதான் மனிதர் தின்னலாம். ஒஸ்லோவில், ரொம்மனில் உள்ள எங்கள் வீட்டில் இதில் கரைச்சல் இல்லை. கிழமை தெரிந்ததுபோல சாம்பல் காகங்கள் பல்கனிக் கம்பியில் வந்து குந்தியிருக்கும்.

"அங்கை காகம் இருக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"வயல் இருக்கிற இடத்திலை காகம் இல்லாமல் போகுமே?" என்றார் அப்பா.

அந்த ஸ்பானியக் கூட்டாளிக்குத் தொலைபேசியில் சொல்லி நத்தையை நிறுத்தினார். முயலையும் நிறுத்தினார். அந்த மனிதர் எங்களுக்காக போஞ்சியும் மரக்கறியும் மட்டும் போட்டு ஒரே தாச்சியில் எல்லோருக்கும் ஆக்கினார். அவருடைய தம்பிமார் இரண்டு பேர் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். நானும்தான். ஆனால் அடியில் பிடிக்கிற சோறு எனக்கு என்று அவர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அடிப்பிடித்தால் அம்மா வெட்கப்படுவார். அங்கே அதற்குத்தான் அடிபடுகிறார்கள். அதை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

வயல்கரை வீடு. முற்றத்தில் மேசை. தாச்சியைத் தூக்கி நடுவில் வைத்தார்கள். தனித்தனிச் சோற்றுக் கோப்பை கிடையாது. ஆளுக்கொரு மரக்கரண்டி. அவரவருக்கு முன்னால் உள்ள பங்கை அவரவர் கிண்டித் தின்னவேண்டும். பக்கத்து ஆளின் பங்குக்குள் கரண்டி போகக்கூடாது. அதுதான் அவர்களுடைய சட்டம். எனக்குப் பிடித்திருந்தது. கரண்டியை எடுத்தேன்.

அப்பா எழும்பினார். தன் பங்கில் ஒரு கரண்டி அள்ளிக் கடதாசித் தட்டில் போட்டுக்கொண்டு மதிலடிக்குப் போனார். மதிலில் தட்டை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டார்.

பனைபோன்ற ஒரு மரத்திலிருந்து பச்சைக் கிளிகள் பறந்தன. புறா வந்தது. அப்பா கலைத்தார். வயலில் கொக்குகள் அசையாமல் நின்றன. காகம் இல்லை.

இறக்கினவுடன் தின்னவேண்டும், ஆறினால் இந்தச் சோறு பழுது என்று கூட்டாளி தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் அம்மாவிடம் சொன்னார். அம்மா காகத்தை விளங்கப்படுத்தினார். அவர் தலையாட்டிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். தம்பிமாரும் வைத்தார்கள். விருந்தாளி நிற்கும்போது தின்ன மாட்டார்களாம். எங்களில் ஒருவரால் எல்லோரும் பட்டினி. கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பி இருந்த இடத்திலிருந்தே "கா... கா..." என்றான். மேசை முழுக்கச் சிரித்தது.

எனக்கு முகம் எரிந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீயும் வந்து ஒருக்கால் கூப்பிடன். நீ கூப்பிட்டால் வரும்."

"எனக்குக் காகம் தேவையில்லை. எனக்குப் பசிக்குது."

அப்படிச் சொன்னால் மற்ற நாளில் ஏச்சு விழும். அன்று அவர் ஏசவில்லை. மதிலுக்குத் திரும்பி மறுபடி கூப்பிட்டார். குரல் கம்மிப்போயிருந்தது.

கடைசியில் ஒரு சின்னக் கறுப்புக் குருவி வந்து இரண்டு பருக்கை கொத்தியது.

"கறுப்புத்தானே. வாங்கோ," என்றார் அம்மா.

"சொண்டு மஞ்சளாயிருக்கு."

"சனீஸ்வரன் சொண்டையோ பாக்கப்போறார்? மேசையிலை அதுகள் பசியிலை இருக்குதுகள். வாங்கோ."

அப்பா வந்து இருந்தார். சோறு ஆறி இறுகிவிட்டது. கூட்டாளி அடிச்சோற்றைச் சுரண்டிப் பங்குபோட்டார். நல்ல முறுகல் துண்டு அப்பாவின் பக்கம் வந்தது. எனக்கென்று சொன்ன துண்டு. தின்னப் பிந்தினவருக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

அப்பா அதை அப்படியே கரண்டியால் தள்ளி என் பங்குக்குள் விட்டார். தம்பிமார் நாக்கைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். கூட்டாளி சிரித்துக்கொண்டு எல்லைக்கோட்டை விரலால் காட்டினார். அப்பா ஓம் ஓம் என்றார். பிறகு மிச்சத்தையும் தள்ளினார்.

ஒரு வீட்டில் ஒழுங்காகத் தின்னக்கூடத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன். கோபத்தோடுதான் தின்றேன். நல்ல ருசி. அதுவும் கோபமாயிருந்தது. அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் ரொம்மன் வீட்டில் என் சாதகத்தை எடுத்தார்கள். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"நாங்கள் ஸ்பெயினுக்குப் போன வருசம் உனக்கு ஏழரைச் சனி. அந்த விரதமெல்லாம் உனக்காகப் பிடிச்சது. அப்பாக்கு ஒண்டுமில்லை. நீ பயந்திடுவாய் எண்டுதான் சொல்லேல்லை."

அப்பா பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்கவில்லை. மற்ற வெங்காயத்தை எடுத்தேன். பழைய கோபம் திரும்ப வந்தது. எனக்காகப் பிடித்த விரதம், எனக்கு வரவேண்டிய காகம். அந்த மனிதர் தனியாக நின்று கத்தியிருக்கிறார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் நானும் மதிலடிக்குப் போய்க் கூப்பிட்டிருப்பேன்.