என் தோளுக்குப் பின்னால்

கேமரூனிலிருந்து வந்து எங்கள் ஆவடி அணிக்குக் கால்பந்து ஆடுபவன் சாமுவேல். இந்த சீசனின் கடைசி ஆட்டத்தன்று, எங்கள் பசங்களிடம் கற்ற தமிழில் என்னிடம் கேட்டான்: "என் போன்ல கேமரா போச்சு. நீ வீடியோ எடு அண்ணாத்தே. பெரிய கிளப்புல கேட்டுக்கீறாங்கோ."

எடுத்தேன். மூன்று பேரைத் தாண்டி அவன் கோலை நோக்கிப் பாய்ந்தபோது, ஸ்டேட்டஸில் போடும் ஆசையில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கேமராவை என் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு கத்தினேன்.

ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து பார்த்தான். கோல் விழும் நேரத்தில் திரை முழுக்க நான். மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா சிரிக்கிற அண்ணாத்தே" என்று போனைத் திருப்பித் தந்தான்.

திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அந்த வீடியோவைப் பார்க்கவே கூசுகிறது. நான் சிரிக்கிறேன், என் தோளுக்குப் பின்னால், எறும்பு அளவில், ஒருவன் கைகளை விரித்துக்கொண்டு ஓடுகிறான்.