பத்து தசம் இரண்டு மில்லிமீற்றர்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் பணிமனையில் பதினாறு ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் நின்ற கனகரத்தினம், 1984ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தில் அகதியாகப் பதிந்தபோது நாற்பத்திரண்டு வயதினராக இருந்தார். கிரௌபுண்டன் கன்டோனில், அதாவது மாநிலத்தில், இலான்ஸ் நகருக்கு மேலேயுள்ள ஒரு மலைக்கிராமத்து விடுதியின் சமையலறையில் அவருக்கு வேலை கிடைத்தது. கோப்பை கழுவுவதில் தொடங்கினார். இறைச்சி வெட்டுபவர் வேலையை விட்டுப் போன பிறகு, மானின் தொடையிலிருந்து எலும்பை ஒரு நார்கூட வீணாகாமல் பிரித்தெடுப்பதையும் பழகிக்கொண்டார். விடுதியின் முதலாளி காஸ்பார் அதைப் பார்த்துவிட்டு, வெட்டுபவரின் வேலையையும் அவரிடமே கொடுத்தார். கோப்பைகளும் அவரிடமே இருந்தன.

கனகரத்தினத்தின் மனைவி யோகாம்பாள் பிள்ளைகளுடன் ஊரில் இருந்தார். யோகாம்பாளின் தம்பி உருத்திரமூர்த்தியும் சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்திருந்தான். அவனை நொஷாட்டல் கன்டோனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். வேலை செய்ய அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. 1986 யூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அத்தானைப் பார்க்க வந்திருந்தான். அன்று விடுதியில் ஒரு திருமண விருந்து. கோப்பைகள் மலையாகக் குவிந்தன. காஸ்பார் தாமே உள்ளே வந்து, மூலையில் நின்ற இளைஞனின் கழுத்தில் ஓர் ஏப்ரனை மாட்டிவிட்டுத் தோளில் தட்டினார்.

“அத்தான், உங்கட முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நல்ல மனிசன் போலை கிடக்கு.”

“சிரிக்கிறவர்தான். விளிம்பு உடையாமல் கழுவு. உடைஞ்சால் சிரிப்பு நிண்டிடும்.”

மாலை நான்கு மணிக்கு, வேலை அனுமதிகளைச் சோதிக்கும் அதிகாரிகள் இருவர் உள்ளே நுழைந்தார்கள். உருத்திரமூர்த்தியின் கைகள் முழங்கை வரை நுரையில் இருந்தன. காஸ்பார் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னதைக் கனகரத்தினம் பின்னர் தமிழில் இப்படிச் சொல்லிக்காட்டுவார்: “இவனை எனக்குத் தெரியாது. பின்கதவாலை வந்திருக்கிறான். சாப்பாடு எடுக்க வந்தவனாக்கும்.”

அந்த வாசகம் அப்படியே உருத்திரமூர்த்தியின் கோப்பில் ஏறியது. ஆகஸ்ட் மாதம் அவனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, காரணங்களுள் ஒன்றாக அதுவும் இருந்தது. மேன்முறையீட்டை எழுதிக் கொடுத்த சட்டத்தரணி, அன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டவர் தாமே என்று முதலாளி ஒரு கடிதம் தந்தால் வழக்கின் போக்கு மாறும் என்றார். தராவிட்டால் கொழும்புக்கு விமானம். கனகரத்தினம் மூன்று முறை காஸ்பாரிடம் கேட்டார். மூன்றாம் முறை கிடைத்த பதில் இது: “எழுதினால் என்ரை விடுதியிலை கை வைப்பாங்கள். உனக்கும் வேலை இராது. போய்க் கோப்பையைப் பார்.”

அவர் போய்க் கோப்பையைப் பார்த்தார். ஆனால் அன்றிலிருந்து காஸ்பாரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். காலை எத்தனை மணிக்கு எழுகிறார், எந்தச் சாவி எங்கே தொங்குகிறது, குடித்தால் எதைப் பற்றிப் பெருமை பேசுகிறார் என்பன யாவும் அவருக்குப் பாடமாயின. எதற்காக என்று அவருக்கே அப்போது தெரியாது.

செப்டெம்பரில் அந்த மலைகளில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு முந்திய வாரம், விடுதியின் வட்ட மேசையில் வேட்டைக்காரர்கள் துவக்குகளைப் பற்றி வாதிட்டார்கள். அந்தக் கன்டோனின் சட்டம் பழையது, பிடிவாதமானது: பத்து தசம் இரண்டு மில்லிமீற்றரிலும் ஒடுங்கிய சன்னத்தால் மானைச் சுடக்கூடாது. ஆகவே அவர்களுக்கு இருந்த தெரிவு இரண்டே. ஒன்று, ஒற்றைக் குழல் துவக்கில் போடும் பழைய பத்து தசம் மூன்று ரவை. மற்றையது, அதே பருமனில் மருந்து கூடிய புதிய மக்னம் ரவை. பழையது தோளை இடிக்காது, இறைச்சியையும் சிதைக்காது. ஆனால் நூற்றைம்பது மீற்றருக்கு அப்பால் சன்னம் தாழத் தொடங்கும். புதியது அதைவிடச் சற்றுத் தூரம் நேராகப் போகும். அதற்குச் சுடுபவரின் தோளெலும்பு விலை கொடுக்கும்.

“இரண்டும் பூசணிக்காய் எறியிற துவக்குத்தான்” என்றார் காஸ்பார். “ஒஸ்திரியாவிலை நான் ஏழு மில்லிமீற்றராலை சுடுறன். முந்நூறு மீற்றர். நூல் பிடிச்ச மாதிரிப் போகும்.”

முதியவர் ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அதை ஒஸ்திரியாவிலையே விட்டிட்டு வா. இஞ்சை கிட்டப் போகத் தெரிஞ்சவன்தான் வேட்டைக்காரன். எத்தினை மானைத் தூரமெண்டு விட்டிட்டு வெறுங்கையோடை வந்திருக்கிறம்.”

பாலாடைக்கட்டித் தட்டுடன் நின்ற கனகரத்தினம், வெற்றுக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு மேசை நிறைந்த மனிதர்கள் தசம் இரண்டுக்காகக் குரலை உயர்த்துவதை இந்த நாட்டில் அவர் கேட்டது அதுவே முதல்தடவை. அவர்கள்மேல் அவருக்கு மரியாதை பிறந்தது.

பருவத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காஸ்பார் பன்னிரண்டு கிளைக் கொம்புள்ள ஒரு கலைமானைக் கொண்டுவந்து இறக்கினார். நூற்று நாற்பது மீற்றரில் விழுத்தியதாகச் சொன்னார். வேட்டைக் காவலர் வந்து, வயதையும் எடையையும் குறித்து, இலக்கத் தகடொன்றைக் கட்டி, தோலிலுள்ள துளையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனார். தோல் இழுபடும், சுருங்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. வெள்ளிக்கிழமைகளில் கனகரத்தினம் மச்ச மாமிசம் தொடுவதில்லை. காஸ்பாருக்கும் அது தெரியும். மான் குளிர் அறையில் தொங்கியது.

சனி காலை தோளைப் பிரித்தார். இடது தோள்பட்டை எலும்பின் நடுவில் வட்டமாக ஒரு துளை. சுண்டுவிரல் நுனியை வைத்தார், நுழையவில்லை. அவருடைய கை வேலையை நிறுத்தியது. மேலே அறைக்குப் போய், ஊரிலிருந்து கொண்டுவந்த வேணியர் இடுக்கிமானியை எடுத்துவந்தார். ஏழு தசம் நான்கு. மூன்று இடங்களில் மாற்றி அளந்தார். ஏழு தசம் நான்கே. மறுபக்கத் தோலின் அடியில் சன்னமும் சிக்கியிருந்தது. அதன் தலை காளான் போல விரிந்திருந்தாலும் அடிப்பகுதி குலையவில்லை. ஏழு தசம் இரண்டு. பத்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பொருள் ஏழரை மில்லிமீற்றர் துளையால் எலும்பைக் கடக்காது. இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. பணிமனையில் முதலாம் ஆண்டு படிப்பவனுக்கே தெரியும். கோப்பை கழுவுகிறவனுக்குத் தெரியும் என்பதுதான் காஸ்பாருக்குத் தோன்றவில்லை.

அன்று பிற்பகல், எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த நண்பர் குலேந்திரனைத் தொலைபேசியில் அழைத்து, கண்டதைச் சொன்னார்.

“உடனை வேட்டைக் காவலரிட்டைப் போகப்போறன்” என்றார்.

“அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. அவரைப் பிடிச்சுக் குடுத்தால் உருத்திரனுக்கு என்ன கிடைக்கும்? கடிதத்தை எழுதுவியுங்கோ. பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கோ.”

“கடிதம் எழுதுவிப்பன்.”

“மற்றது?”

“மற்றதைப் பிறகு பாப்பம்.”

“அண்ணை, கடிதம் வாங்கின கையோடை போனியள் எண்டால், வெருட்டி வாங்கினதெண்டு அவர் சொல்லுவார். பொடியன்தான் அழிஞ்சு போவான்.”

கனகரத்தினம் அதை யோசித்தார். சரியாகவே இருந்தது.

திங்கட்கிழமை விடுதிக்கு விடுமுறை. காஸ்பார் தனியே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கனகரத்தினம் சன்னத்தை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து அவர்முன் நகர்த்தினார். அதன் அருகில் எண்ணெழுதிய ஒரு சிறு தாள்.

காஸ்பார் தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “எவருக்குக் காட்டினனி?”

“ஒருவருக்கும் இல்லை. உருத்திரமூர்த்தியை நீங்கள்தான் கூப்பிட்டனீங்கள். ஏப்ரனும் நீங்கள்தான் போட்டு விட்டனீங்கள். அதை எழுதுங்கோ.”

“எழுதினால் இந்தச் சன்னத்தை எனக்குத் தருவியோ?”

“சன்னத்தைத் தாறன்.”

காஸ்பார் எழுதினார். கனகரத்தினம் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தார். நேரம் விடுபட்டிருந்ததைச் சுட்டி, அதையும் சேர்ப்பித்தார். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து சன்னத்தைக் கொடுத்தார். காஸ்பார் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இனி எங்களுக்குள்ளை ஒண்டுமில்லை” என்றார். எலும்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அது ஆழ்குளிர்ப் பெட்டியின் அடியில், சூப்புக்கான எலும்புகளின் கீழ், அந்த மானின் இலக்கத் தகட்டுடன் கிடந்தது.

அடுத்த ஐந்து மாதங்களும் அவர் மேலும் ஒழுங்காக வேலை செய்தார். காஸ்பார் அவரோடு நட்பாகவும் பழகத் தொடங்கினார். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார். கனகரத்தினம் நன்றி சொல்லி அதை அணிந்தார். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து எலும்பு இருக்கிறதா என்று பார்த்தார். பகையைக் காப்பதும் இயந்திரத்தைக் காப்பது போலத்தான் என்று ஒருமுறை குலேந்திரனிடம் சொன்னாராம், எண்ணெய் வற்றவிடக்கூடாது.

1987 பெப்ரவரியில், உருத்திரமூர்த்தி தங்கியிருக்கலாம் என்ற முடிவு வந்தது. இனித் திருப்ப முடியாதென்று சட்டத்தரணி சொல்லும்வரை கனகரத்தினம் இன்னும் மூன்று வாரம் பொறுத்தார். பிறகு எலும்பையும் இலக்கத் தகட்டையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வேட்டைக் காவலரின் வீட்டுக்கு நடந்தே போனார்.

காவலர் தம் அளவுகோலை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “ஏன் இவ்வளவு காலம்?” என்று கேட்டார்.

“எனக்கு வேறை ஒரு அலுவல் முடிய வேண்டியிருந்தது.”

“பெயர் போட வேணுமோ? பெயரில்லாமலும் எழுதலாம்.”

“போடுங்கோ. முழுப் பெயரும் போடுங்கோ.”

ஏழு மில்லிமீற்றர்த் துவக்கு காஸ்பாரின் அலமாரியில் இருந்தது. அவர் இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார். வேட்டை உரிமம் சில ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது; கொம்பைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனார்கள். அபராதத்தை அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஆனால் வட்ட மேசைக்காரர்கள் அடுத்த வெள்ளியன்று வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. கீழூரில் இன்னொரு விடுதியில் கூடுகிறார்களாம். தூரத்து மான்களை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அத்தனை மாலைகளையும் அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

வேலை போகும் என்று கனகரத்தினத்துக்கு முன்பே தெரியும். எம்மன்புரூக்கேயில் ஒரு பணிமனையில் குலேந்திரன் இடம் பேசி வைத்திருந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது, காஸ்பார் வெறும் மேசையின் முன் தனியே இருந்தார்.

“கடிதம் எழுதித் தந்தனான்தானே. உன்ரை ஆள் தப்பீட்டான்தானே. பிறகேன்?”

“கடிதம் அவனுக்கு” என்றார் கனகரத்தினம். “எலும்பு எனக்கு.”

அவர் செய்தது வாக்குத் தவறுதல் என்று குலேந்திரன் பின்னாளில் பலமுறை வாதிட்டிருக்கிறார். சன்னத்தைத் தருவதாகச் சொன்னேன், தந்தேன் என்பதே கனகரத்தினத்தின் பதில். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்; அதை மறைக்க அவர் முயன்றதில்லை.