ஒரு பேரீச்சம்பழத்துக்கு நூறு தரம்

கண்டக்குழியில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பினால் எங்கள் கரைவலைகள் சும்மா கிடக்கும். கடலில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அப்படி வந்த ஒருவர் விட்டுப்போன விளக்கொன்று, விடுதியில் சமையல் வேலை பார்த்த சாச்சா மூலம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பற்றரி இல்லை, எண்ணெய் இல்லை. பன்னிரண்டு கிலோ மணல் பையை ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டால், அது மெல்ல மெல்ல இறங்கி இருபது நிமிடம் வெளிச்சம் தரும்.

நான் அப்போது பத்தாம் தரம். வேலை, சக்தி எல்லாம் படித்த புதிது. கண்ணில் பட்டதையெல்லாம் யூல் அலகில் அளந்துகொண்டு திரிந்தேன். பையை ஒரு தரம் தூக்க இருநூற்றுப் பதினாறு யூல் என்று கொப்பியில் போட்டேன். தின்பதில் காற்பங்குதான் தசைக்கு வேலையாக மாறும் என்பதையும் விடவில்லை. அப்படிப் பார்த்தாலும் ஒரு சின்னப் பேரீச்சம்பழம் தரும் சக்தியில் ஏறத்தாழ நூறு தரம் தூக்கலாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கணக்கைக் கேட்டு மாமா சிரித்தார். உம்மாவின் மூத்த சகோதரர். வலை அவருடையது, வாப்பா அதை இழுப்பவர்களில் ஒருவர். பெண்பிள்ளைக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை போதும், புத்தளத்துக்கு அனுப்பி விஞ்ஞானம் படிப்பிக்கத் தேவையில்லை என்று அவர் ஏற்கனவே முடிவு கட்டியிருந்தார்.

"ஒரு ஈத்தம்பழத்துக்கு நூறு தரமா? அப்ப நான் என்னத்துக்கு வலை இழுக்கிறவனுக்கெல்லாம் சோறு போடுறன்?"

மாமாவை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத வாப்பா, "கணக்கு சரிவந்தா புள்ளய புத்தளத்துக்கு அனுப்புவமா மச்சான்?" என்று கேட்டார். மாமா விளையாட்டாகவே "ஓம்" என்றார்.

தூக்கிக் காட்டுவது வாப்பா. நிபந்தனை போட்டது நான்தான். வயிற்றில் வேறெதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் பரிசோதனை செல்லாது என்றேன். மறுநாள் வியாழக்கிழமை. வாப்பா நோன்பு பிடித்தார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஒரே ஒரு பழம், ஒரு மிடறு தண்ணீர். தொழுதுவிட்டு வந்து பையைத் தூக்கத் தொடங்கினார். தலைக்கு மேலே தூக்குவார், இறக்குவார். மாமா எண்ணினார்.

நாற்பதில் வாப்பாவின் பெனியன் நனைந்துவிட்டது. எழுபதில் மாமாவின் சிரிப்பு நின்றது. உம்மா கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்றா. நான் கையைக் காட்டித் தடுத்தேன். எண்பத்தைந்தில் மாமாவே, "போதும் மச்சான், உடுங்க. நான் ஒத்துக்கிறன்" என்றார்.

"எண்ணுங்க மச்சான். புள்ளட கணக்கு நூறு."

நூறு வந்தது. மாமா சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வருடம் பரீட்சை முடிந்ததும் என்னைப் புத்தளத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவரே கூட வந்தார். இன்று நான் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அந்தப் பரிசோதனையை என் மாணவி செய்திருந்தால் பூச்சியம்தான் போடுவேன். தின்ற பழம் அத்தனை சீக்கிரம் தசைக்குப் போய்ச் சேராது. தூக்குவதற்கு மட்டுமல்ல, பையை மெதுவாக இறக்குவதற்கும் உடம்பு செலவாகும். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பையைத் தூக்கிய மறுநாள் காலையில் வாப்பாவால் கையை உயர்த்த முடியவில்லை. உம்மாதான் தேத்தண்ணீர்க் கோப்பையை அவருடைய வாயில் பிடித்தா. நோன்புக் களைப்பு என்றார் வாப்பா. நானும் அதை நம்பி, எதிரிலேயே உட்கார்ந்து, கொப்பியில் சிவப்பு மையால் "விடை சரி" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.